ஒன்பது ஃப்ரேம்

தர்மபுரி ஸ்டேடியத்தில் ஆறு நிமிடத்தில் தோற்றதை
காவேரிப்பட்டணத்தில் மூன்று ராத்திரியாகப் பார்க்கிறேன்.
எட்டுக்கு இரண்டு.
மாம்பழக் கூழ் ஆலையின் புளிப்பு வாடை
ஜன்னல் வழியே வந்து
லேப்டாப்பின் சூட்டில் உட்கார்கிறது.

மென்பொருள் அஸ்லம் பாஷா கொடுத்தது.
ஓசூர் கம்பெனியில்
போல்ட்டில் கீறல் தேடும் கேமராவுக்குக்
கண் கொடுத்தவன் அவன்.
"உடம்பும் ஒரு பார்ட்டுதான் முனிலட்சுமி,
எங்க கீறல்னு காட்டிடும்" என்றான்.

ஆளுக்குப் பதினேழு புள்ளி.
தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால்.
நான் சிவப்பு. பென்னாகரத்து மாதேஸ்வரி நீலம்.
எட்டடி தள்ளி நிற்கும்வரை
கல்யாண போட்டோவில் நிற்பவர்கள் மாதிரி
ஒழுங்காக இருக்கிறோம்.

கழுத்தில் கை விழுந்ததும் அதற்குக் குழம்பிவிடுகிறது.
என் முட்டியை அவளுக்குக் கொடுக்கிறது,
அவள் தோளை எனக்கு.
ஓரிடத்தில் எனக்கு மூன்று கை,
அவளுக்குத் தலையே இல்லை.

ஒவ்வொரு ஃப்ரேமாகத் திருத்துகிறேன்.
எது யாருடையதென்று படத்தில் தெரியாத இடத்தில்
வலித்ததா என்று யோசிப்பேன்.
வலித்தது நினைவிருந்தால்
சிவப்பு.

அட்டவணை சொல்கிறது:
காலுக்குப் பாயுமுன் ஒவ்வொரு முறையும்
என் இடது குதிகால் தரையை விட்டு எழுகிறது.
பதினொரு பாய்ச்சல், பதினொரு குதிகால்.
எட்டு வருஷமாக இந்த உடம்பு
எனக்குத் தெரியாமல் எல்லாருக்கும்
கடுதாசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
மாதேஸ்வரி படித்துவிட்டாள்,
எந்த லேப்டாப்பும் இல்லாமல்.

ஆலையில் ஷிப்டு முடித்து வந்த அம்மா
மஞ்சள் ஏறிய கையோடு பின்னால் நின்றாள்.
"அந்தப் பொண்ணு உன்னத் தூக்கிப் போடறத
இன்னும் எத்தன வாட்டி பாப்ப?"
ஸ்பேஸ் பாரை அழுத்தினேன்.
அந்தரத்தில் நின்றேன்.
அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் சுற்று, ஒரு நிமிடம் பத்து விநாடி. அந்த வீச்சு.
எனக்கு நினைவிருப்பது
கூரை விளக்கு, ரெஃபரியின் ஷூ, மறுபடி விளக்கு.
மென்பொருள் வேறொன்றைப் பார்த்திருக்கிறது.
நீலத்தின் மேல் மஞ்சள் கட்டம்:
பிடி தளர்வு. வலது கை. ஒன்பது ஃப்ரேம்.
எதிர்த்தாக்க ஏற்ற இடம்.

அவளுடைய பழைய ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தேன்.
அரூர், ஊத்தங்கரை, சேலம்.
தூக்கிப் போடும்போதெல்லாம் அதே கை,
அதே ஒன்பது, ஒருமுறை ஏழு.
அந்த இடைவெளியில் இடுப்பைத் திருப்பினால் போதும்,
கீழே கிடப்பது அவளாக இருக்கும்.
கோச் மாதக்கணக்காகக் கேட்டது இதைத்தான்.

பெரிதாக்கினேன்.
பிடியை விட்ட கை எங்கே போகிறது?
மணிக்கட்டுப் புள்ளி என் தலைக்குப் பின்னால் மறைகிறது.
மறைந்தது அதற்கு இல்லாதது.
விரல்களுக்கு அது புள்ளியே வைப்பதில்லை.

எனக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது.
பாயில் மோதுமுன்
என் பிடரிக்கடியில் ஓர் உள்ளங்கை இருந்தது.
அது வலிக்கவில்லை.
அதனால் மறந்திருந்தேன்.

குறிப்புப் பட்டியலைத் திறந்தேன்.
தாக்கு, தடுப்பு, பிடி, விடுபடல், தவறு.
தவறு என்று
அது தானாகவே போட்டு வைத்திருந்தது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிறு
கிருஷ்ணகிரியில் மறுபடி அவளோடு.
கோச் இரண்டு முறை மிஸ்டு கால் கொடுத்துவிட்டார்.
குதிகால் கணக்கை அனுப்பினேன்.
ஒன்பது ஃப்ரேம் கணக்கை அனுப்பவில்லை,
அழிக்கவும் இல்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு
இருட்டில் பாயை விரித்துப் படுத்து
இடுப்பைத் திருப்பிப் பார்த்தேன்,
ஒரே ஒரு தரம்.

திரும்புகிறது.